பல்லேடியத்தில் ஏறிய பெருங்காயம்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு மடையன். தன்னடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்து யாரும் "சேச்சே" என்று மறுக்க வேண்டாம். ஆதாரம் இருக்கிறது, வரைபடத்தோடு. வினையூக்கியின் புறப்பரப்பு எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மேலாகப் பாடம் எடுக்கிறவன் நான். என்னிடம் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தியின் வினையூக்கியை ஐந்து மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றேன். ஆயுதம், பெருங்காயம்.

தேவகோட்டைப் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு 'வெளிமாநிலத்தில் நம்மவர் சாதனை' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தீர்கள். ஹௌரா ஸ்டேஷனில் இறங்கி இந்தக் கார்த்திகையோடு இருபத்து மூன்று வருஷம் ஆகிறது என்பதால், கனமாக, கொஞ்சம் கண்ணீரோடு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்தது இது. என் சாதனையாக இதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

2

நான் செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்தால் "கெமிஸ்ட்ரியா? அப்போ மருந்துக் கடையா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறீர்கள்.

பிளாஸ்டிக் செய்ய எத்திலீன் என்ற வாயு வேண்டும். அதோடு கொஞ்சம் அசிட்டிலீனும் கலந்து வந்து வேலையைக் கெடுக்கும். அசிட்டிலீனுக்கு இரண்டு ஹைட்ரஜன் அணு கொடுத்தால் அதுவும் எத்திலீன் ஆகிவிடும், நல்லது. ஆனால் இந்த வேலையைச் செய்யும் பல்லேடியம் என்ற உலோகம், கல்யாண வீட்டில் பரிமாறுகிறவரைப் போல. போதும் என்றாலும் விடாது. இன்னும் இரண்டு ஹைட்ரஜனை இலையில் தள்ளி அதை ஈத்தேன் ஆக்கிவிடும். ஈத்தேனால் பிளாஸ்டிக்காரருக்குப் பயனில்லை. பல்லேடியத்தைப் பாதி வழியில் நிறுத்துவது எப்படி? என் மாணவி சுதேஷ்ணாவின் ஆராய்ச்சி இதுதான்.

இதெல்லாம் நடப்பது உலோகத்தின் மேல்தோலில், ஓரிரண்டு அணு அடுக்கில். உள்ளே இருக்கும் கோடானுகோடி அணுக்கள் சும்மா உட்கார்ந்திருக்கும், எங்கள் அலுவலகம் மாதிரி. மேலே இருப்பவைதான் வேலை பார்க்கும். அதனால்தான் மேலே ஒரு தூசு படிந்தாலும் சோலி முடிந்தது. அதிலும் கந்தகம் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது. வேறு யாரையும் உட்காரவும் விடாது. இதற்கு நஞ்சேறுதல் என்று பெயர்.

மூலக்கூறுகள் பரப்பில் வந்து ஒட்டுவதற்கு நம் பள்ளிப் புத்தகத்தில் 'பரப்புக் கவர்ச்சி' என்று போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? கடைசி பெஞ்சில் நாம் சிரித்த சிரிப்பில் வாத்தியார் இரண்டு நாள் அந்தப் பாடத்தைத் தள்ளிவைத்தார். சிரித்ததற்குத் தண்டனையாக ஆயுள் முழுக்க அதையே ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன்.

கவர்ச்சியில் இரண்டு வகை. ஒன்று சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது, லேசாகச் சூடுபடுத்தினால் பறந்துவிடும். கொல்கத்தாவில் என் முதல் வருஷம் அப்படித்தான். ஒரு மே மாத வெயில் போதும், டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிடுவேன். இன்னொன்று, உண்மையாகவே பிணைப்புப் போட்டுக்கொள்வது. அப்போது வந்து உட்காரும் மூலக்கூறு தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். அசிட்டிலீன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். பல்லேடியத்தில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் வளைந்துவிடும்.

நானும் வளைந்துதான் இருக்கிறேன். வைரவன் என்று வந்தவனை, நான் குடியிருக்கும் பெஹாலாவில் எல்லோரும் பைரப்தா ஆக்கிவிட்டார்கள். போன தடவை ஊருக்கு வந்தபோது பலசரக்குக் கடையில் பழக்கதோஷத்தில் "தாதா, இது எவ்வளவு?" என்று கேட்டேன். வங்காளத்தில் அது அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிடுவது, பைரப்தாவில் வரும் தாவும் அதுதான். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏங்க, நான் கடதான் வச்சிருக்கேன், அடியாள்லாம் வச்சிக்கல" என்றார்.

3

வாங்கியது பெருங்காயம். கட்டிப் பெருங்காயம். எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். என் ஆச்சி கேட்டாள்: "ஏன்டா, கல்கத்தால பெருங்காயம் கிடைக்காதாக்கும்?"

கிடைக்கும். லேக் மார்க்கெட்டில் நம்மவர் கடைகளிலேயே கிடைக்கும். பெருங்காயத்தை இங்கே ஹிங் என்பார்கள், அது வைத்த கொசூரி என்ற பூரிக்கு இந்த ஊரே அடிமை. ஆனால் எனக்கு நம் ஊர்க் கடைச் சரக்குதான் வேண்டும். காரணம் கேட்காதீர்கள், விஞ்ஞானியிடம் காரணம் கேட்கக் கூடாது.

ஜூனில் கொல்கத்தாவில் மழை பிடித்தது. இந்த ஊர் மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் கரண்டி ஒட்டிக்கொள்ளும், செருப்பில் பூஞ்சை பூக்கும். பெருங்காயக் கட்டி இளகிப் பிசுபிசுத்தது. என் மனைவி வள்ளி, "இத எங்கயாவது கொண்டு போய் வைங்க, அலமாரியெல்லாம் அடிக்கிது" என்றாள்.

அப்போதுதான் என் விஞ்ஞான மூளை வேலை செய்தது. கொல்கத்தாவிலேயே ஈரமில்லாத ஒரே இடம் எங்கே இருக்கிறது? என் ஆய்வகத்து டெசிகேட்டரில்! ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அடியில் போட்டு, மூடியின் விளிம்பில் கிரீஸ் தடவி, காற்றுப் புகாமல் மூடிய பெரிய கண்ணாடி ஜாடி அது. சாம்பிள்களை அதில்தான் வைப்போம். பெருங்காயத்துக்கு மூன்று பாலித்தீன் உறை போட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, சின்ன எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டி, தமிழில் 'தொடாதே' என்று எழுதி, பின்வரிசையில் வைத்தேன். வாரம் ஒருமுறை ஒரு துண்டு சுரண்டி வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

எங்கள் ஆய்வகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த எழுத்துக்குப் பிள்ளைகள் காட்டிய மரியாதை இருக்கிறதே! ஏதோ ஸாருடைய அபூர்வ சாம்பிள் என்று நினைத்துவிட்டார்கள். சிலிக்கா ஜெல்லை மாற்றும்போதெல்லாம் சுதேஷ்ணா அந்த டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து, துடைத்து, திரும்பவும் அதே இடத்தில் வைப்பாள். தன் பல்லேடியத்துக்குப் பக்கத்தில்.

பெருங்காயத்தின் வாசனை என்பதே கந்தகம்தான். பாலித்தீனுக்குள் அடங்குகிற சரக்கா அது? இது எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேட்டால் எழுதுவேன்.

4

ஜூலையில் சுதேஷ்ணாவின் வினையூக்கி சாக ஆரம்பித்தது. புதிதாகச் செய்த அன்றைக்குப் பாய்ந்து ஓடும். பத்து நாள் கழித்து அதே பொடியை எடுத்தால் பாதி வேகம்கூட இல்லை. ஒன்று செத்தால் தற்செயல் என்று சொல்லலாம். வரிசையாகச் செத்தன. அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு ஃபிப்ரவரியோடு முடிகிறது. ஏற்கெனவே ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இரண்டாவது தடவை கிடையாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். வினையூக்கி உயிரோடு நிற்கவில்லையென்றால் ஆய்வேடு இல்லை, ஐந்து வருஷம் போயிற்று. டாலிகஞ்சில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் அவள் அம்மா ஒருநாள் என்னைப் பார்க்க வந்து, எதுவும் கேட்காமல் ஸந்தேஷ் மிட்டாய்ப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

பொடியின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, தெறித்து வரும் எலெக்ட்ரான்களை அளக்கும் கருவி ஒன்று உண்டு. மேல்தோலில் என்னென்ன அணுக்கள் இருக்கின்றன என்று காட்டிவிடும். அதில் வைத்துப் பார்த்தால், கந்தகம். வரைபடத்தில் சின்னதாக, ஆனால் தெளிவாக ஒரு முகடு.

துப்பறியும் பொறுப்பை நானே ஏற்றேன். அப்படி ஓர் ஆவேசம் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

முதல் சந்தேகம் ஹைட்ரஜன் சிலிண்டர் மேல். அதை மாற்ற வேண்டும் என்று அலுவலகத்துத் தலைமை எழுத்தரிடம் போனேன். பொடோபாபு என்று கூப்பிடுவோம்.

"சிலிண்டர் காலியா, பைரப்தா?"

"காலியில்ல. கந்தகம் கலந்திருக்கோன்னு சந்தேகம்."

"சந்தேகத்துக்கு ஃபார்ம் இல்லியே. காலிக்குத்தான் இருக்கு."

"அப்ப என்ன செய்றது?"

"காலி பண்ணிட்டு வாங்க" என்று டீயை உறிஞ்சினார். பன்னிரண்டு நாள் வெட்டியாக வினையை ஓட்டிச் சிலிண்டரைக் காலி செய்தோம். புதுச் சிலிண்டர் வந்தது. முகடு அப்படியே இருந்தது.

அடுத்து கொல்கத்தாவின் காற்று, பஸ் புகை, காளி பூஜைக்கு வெடித்த பட்டாசு. ஒன்றையும் விடவில்லை. ஆனால் அதற்கெல்லாம் முன்னாலேயே, ஆகஸ்டில், நான் செய்ததுதான் இப்போது எழுதவும் கூசுகிறது. சுதேஷ்ணாவின் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்தேன். கடுகு அரைத்து வைத்த மீன். கடுகின் காரம் முழுக்கக் கந்தகச் சேர்மம்தானே!

"சுதேஷ்ணா, இதுதான் காரணமா இருக்கும். கையில, துணில ஒட்டிட்டு வருது."

"நான் கையக் கழுவிட்டு, கிளவுஸ் போட்டுட்டுத்தானே ஸார் தொடுறேன்? சாப்பிடறதும் வராந்தால."

"ஒரு அணு போதும்மா. பரப்பு மன்னிக்காது."

பேச்சு அழகாக இருந்ததால் நானே ரசித்தேன். அன்றிலிருந்து அவள் கட்டடத்துக்கு வெளியே, மழையில் குடை பிடித்துக்கொண்டு, கிருஷ்ணசூடா மரத்தடியில் நின்று சாப்பிட்டாள். மூன்று மாதம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, ஒழுக்கமான பிள்ளை என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். "ஸார், இது முழுசாச் சாகல. மெதுவாத்தான் ஓடுது, ஆனா எத்திலீனோட நின்னுடுது. ஈத்தேன் பக்கம் போகவே இல்ல."

"செத்த பொணத்துக்கு நாடி பாக்காதம்மா. நோய் எங்கேருந்து வருதுன்னு பாரு" என்றேன்.

(இதெல்லாம் பாதி வங்காளத்திலும் பாதி இங்கிலீஷிலும் நடந்த பேச்சு. உங்களுக்காக நம் பேச்சில் போட்டிருக்கிறேன். வங்காளத்தில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாக ஒலிப்பேன்.)

5

நவம்பரில் அவளே ஒரு சோதனை செய்தாள், என்னைக் கேட்காமல். கேட்டிருந்தால் நான் கெடுத்திருப்பேன்.

"ஸார், ஒரே பொடி, மூணு பங்கு" என்று வரைபடத்தை என் மேசையில் விரித்தாள். "ஒண்ண ஆர்கான் வாயு நெரப்பிக் கண்ணாடிக் குழாயில அடைச்சேன். ஒண்ண என் மேசை மேல தொறந்தே போட்டேன். ஒண்ணு நம்ம டெசிகேட்டர்ல."

"மேசைல இருந்ததுதான் செத்திருக்கும்."

"அது கொஞ்சம் வாடியிருக்கு, அவ்வளவுதான். செத்தது டெசிகேட்டர்ல இருந்தது."

மூன்று கோடுகள். மூன்றாவதில் கந்தகத்தின் முகடு ஒட்டகத் திமில் மாதிரி நின்றது.

"டெசிகேட்டர்ல என்ன ஸார் இருக்கு? சிலிக்கா ஜெல். மூடில கிரீஸ். எங்க சாம்பிள். அப்புறம் உங்க சாம்பிள்."

"எதும்மா?"

"அந்தத் தமிழ் எழுத்து ஒட்டின டப்பா."

இந்த இடத்தில் நீங்கள் நினைக்கும் வைரவன் எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சொன்னது: "அதுவா? அது… பழைய ஆக்சைடு."

"அப்போ கிரீஸ்தான்" என்றாள். "ஒவ்வொரு கிரீஸா டெஸ்ட் பண்றேன். மூணு வாரம் ஆகும்." கைவிரலில் வாரங்களை எண்ணிக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கணக்கு சுலபம். டப்பா போய்விட்டால் வினையூக்கி பிழைத்துவிடும். யார் கொன்றார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பெஹாலா போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சி, "தாதா, பையில ஹிங் கொசூரியா?" என்றார். "ஆமா" என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

6

வீட்டில் இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாவது நாள் ரசம் கொதிக்கும்போது எல்லாவற்றையும் உளறிவிட்டேன். எங்கள் மகள் தேனு பிளஸ் டூ படிக்கிறாள். பிறந்ததிலிருந்து பெஹாலாதான். அவள் தமிழ் வங்காளத்தில் ஊறிய தமிழ். நான் நேராக இருந்து வளைந்தவன். அவள் வளைவாகவே பிறந்தவள், அதனால் அவளுக்கு வலிக்கவில்லை. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, நீங்க ஏக்தம் போகா."

ஏக்தம் போகா என்றால் அசல் மடையன். வங்காளத்தில் சொன்னால் கொஞ்சம் செல்லமாகக் கேட்கும். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை.

"டப்பாவத்தான் எடுத்துட்டேனே. இனிமே அவ சாம்பிள் நல்லாருக்கும்."

"அந்த திதி இப்ப என்ன செய்றாங்க?" திதி என்றால் அக்கா.

"கிரீஸ் டெஸ்ட் பண்றா."

"இல்லாத சோர் பின்னாடி ஓடறாங்க! சோர் இங்க ரசம் சாப்பிடறாரு!" சோர் என்றால் திருடன்.

வள்ளி கரண்டியை வைத்தாள். "அந்தப் புள்ள மூணு மாசமா மழையில நின்னு சோறு திங்கிது. நீங்க ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. அவ அம்மா குடுத்த ஸந்தேஷயும் கொண்டாந்து தின்னோம்."

"சொன்னா என்ன நெனப்பா?"

"இதத்தான் நெனப்பாங்க" என்றாள் தேனு, "போகான்னு. நெனச்சுட்டுப் போகட்டும். தீஸிஸ்ல பரீட்சைக்காரங்க கேட்டா, கந்தகம் எங்கேருந்து வந்துச்சுன்னு அவங்க என்ன சொல்வாங்க?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. டப்பாவோடு விடையையும் அல்லவா நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்! தேனு தேர்வு செய்திருக்கும் பாடம் வரலாறு. அதற்காக நான் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

7

மறுநாள் காலையில் சுதேஷ்ணா டெசிகேட்டரின் விளிம்பிலிருந்து கிரீஸை வழித்துக்கொண்டிருந்தாள். டப்பாவை அவள் முன்னால் வைத்தேன்.

"திறந்து பாரும்மா."

கிளவுஸைக் கழற்றினாள். மூடி, அலுமினியத் தாள், பாலித்தீன், பாலித்தீன், பாலித்தீன். முகர்ந்தாள்.

"ஹிங்?"

"ஹிங்."

"ஆக்சைடு இல்ல?"

"ஆக்சைடு இல்ல. பொய் சொன்னேன்."

"எப்போலேருந்து ஸார்?"

"ஜூன்."

கட்டியைத் திரும்பவும் முகர்ந்தாள். பிறகு, "இந்த வாசனைய நான் உங்க வாசனைன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "மெட்ராஸ்காரங்க எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்கன்னு. டெசிகேட்டரத் தொறந்தப்பல்லாம், ஸார் இப்பத்தான் இங்க வந்துட்டுப் போயிருக்காருன்னு நெனப்பேன்."

சிரிப்பதா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மா கடுகு எண்ணெயையே நிறுத்திட்டாங்க ஸார். எனக்காக. மூணு மாசமா வீட்ல ரீஃபைண்ட் எண்ணெய்ச் சமையல். அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

பதிலுக்கு நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டெசிகேட்டரின் மூடி திறந்தே கிடந்தது.

என் அறைக்குப் போய் ஒரு மின்னஞ்சல் எழுதினேன், மூன்று பக்கத்துக்கு. தவறு முழுக்க என்னுடையது என்று ஆய்வுக் குழுவுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். என் பெயரில் நீட்டிப்புக் கேட்கிறேன், சந்தேகத்துக்கு ஃபார்ம் இல்லாவிட்டாலும் முட்டாள்தனத்துக்கு ஒன்று இருக்கும். அம்மாவிடம் வந்து நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். கடைசியில் இன்னொன்றும் எழுதினேன். ஆகஸ்டில் நீ காட்டிய தாளை நான் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு நாளாக அதுதான் மனசில் ஓடுகிறது. பல்லேடியத்தின் மேல் கந்தகம் அங்கங்கே உட்கார்ந்து இடத்தைக் குறுக்கியதால்தானே அது எத்திலீனோடு நின்றிருக்க வேண்டும்? நாம் ஐந்து வருஷமாகத் தேடிய கடிவாளமே அதுதானோ? அது தற்செயலா, எவ்வளவு கந்தகம் போனால் கடிவாளம், எவ்வளவு போனால் நஞ்சு, எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் தகுதியை இழந்துவிட்டேன்.

அன்று பதில் இல்லை. மறுநாள் அவள் வரவில்லை. வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் நாற்காலியின் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது.

அதற்கடுத்த நாள் நான் போனபோது ஆய்வகத்தில் யாரும் இல்லை. ஆனால் வினையை ஓட்டும் குழாய் சூடாக இருந்தது. மேசை மேல் டப்பா திறந்திருந்தது, மிச்சமிருந்த கட்டித் துண்டைக் காணவில்லை. பக்கத்தில் நான்கு சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை பல்லேடியப் பொடி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவில் பெருங்காயச் சீவல். முதல் குப்பியில் ஊசிமுனை அளவு, நான்காவதில் ஒரு பட்டாணி. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பையில் இருந்த போன் அதிர்ந்தது. சுதேஷ்ணாதான். என் மூன்று பக்கத்துக்கும் சேர்த்து ஒரு வரி:

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் ஸார், அதே பெருங்காயம் இன்னொரு கட்டி வேண்டும்."